கன்றின் படை கைக்கு வந்தால்: மாடு வளர்ப்போரும் பண்ணை ஆட்களும் செய்ய வேண்டியவை

மாடு மேய்க்கிற, பால் கறக்கிற, கன்று பிடித்துக் கட்டுகிற ஆளுக்கு முன்கையிலோ கழுத்திலோ தாடையிலோ வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து, அரிக்க ஆரம்பிக்கும். அதே நேரம் கொட்டகையில் ஒரு கன்றுக்குக் கண்ணைச் சுற்றி முடி கொட்டிச் சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டியிருக்கும். இரண்டும் பெரும்பாலும் ஒரே நோய்தான். படர்தாமரை, படை, வட்டப்படை என்று ஊருக்கு ஒரு பெயர். காரணம் பூஞ்சை. மாட்டிடமிருந்து மனிதனுக்கு வருவதில் முக்கியமானது ட்ரைக்கோஃபைட்டான் வெருக்கோசம் என்கிற வகை.

எங்கள் கொட்டகையில் இது ஒரு மழைக்காலம் முழுக்க இழுத்தடித்தது. தோல் டாக்டர் கையைப் பார்த்தார், மாட்டு டாக்டர் கன்றைப் பார்த்தார். இரண்டையும் முடிச்சுப் போட்டுச் சொல்ல ஆள் இல்லை. கை ஆறும், கன்றைத் தொட்டதும் மறுபடி வரும். ஆளுக்கும் கன்றுக்கும் கொட்டகைக்கும் ஒரே வாரத்தில் வைத்தியம் தொடங்கினால்தான் இது நிற்கும். அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் கன்றை வெளிச்சத்தில் நிறுத்திப் பாருங்கள்

பெரிய மாடுகளைவிடக் கன்றுகளுக்குத்தான் இது அதிகம் வரும். கண் இமையைச் சுற்றி, காதடி, நெற்றி, கழுத்து ஆகிய இடங்களைப் பாருங்கள். ஒரு ரூபாய் நாணயம் அளவிலிருந்து உள்ளங்கை அளவு வரை முடி இல்லாத வட்டமாக இருக்கும். அதன்மேல் வெள்ளையாகவோ சாம்பலாகவோ கெட்டியான பொருக்கு, உலர்ந்த மாவு அப்பியதுபோல் ஒட்டியிருக்கும். கன்றுக்குக் காய்ச்சல் இருக்காது, நன்றாகத் தின்னும், பெரிதாகச் சொறிந்துகொள்ளவும் செய்யாது. அதனால்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

வேறு நோயோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். காய்ச்சலோடு உடம்பெல்லாம் உருண்டை உருண்டையாகக் கட்டி வந்தால் அது தோல் கழலை நோயாக இருக்கலாம். அது மனிதனுக்குத் தொற்றாது, ஆனால் மாட்டுக்கு ஆபத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கம்பத்தில் ஓயாமல் உரசிக்கொண்டே இருந்து, தோல் தடித்து மடிப்பு விழுந்தால் அது பெரும்பாலும் சொறி உண்ணி.

சரி, இப்போது செல்போனை எடுத்து இரண்டு படம் எடுங்கள். ஒன்று பொருக்கு தெளிவாகத் தெரியும்படி. இன்னொன்று காதில் போட்டிருக்கும் மஞ்சள் தோட்டின் 12 இலக்க எண் தெரியும்படி. இந்த இரண்டு படமும் பின்னால் இரண்டு டாக்டரிடமும் காட்ட வேண்டியவை.

2. உங்கள் உடம்பில் எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள்

கன்றைத் தொட்ட ஓரிரு வாரங்களில் தோலில் தெரியும். கன்றை அணைத்துப் பிடிக்கிற முன்கை, கயிறு படுகிற மணிக்கட்டு, கறக்கும்போது மாட்டின் விலாவில் சாய்க்கிற நெற்றி, கழுத்து, ஆண்களுக்குத் தாடிப் பகுதி, குழந்தைகளுக்குத் தலை. மாட்டிடமிருந்து வருகிற படைக்கு வீக்கமும் சிவப்பும் அதிகம். சில நேரம் சீழ்க்கொப்புளமும் சேர்ந்து வரும்.

இடுப்பு, தொடையிடுக்கு, பிட்டம் என்று மூடிய இடங்களில் வந்திருந்து, வீட்டில் இன்னும் இருவர் சொறிந்துகொண்டிருந்தால் கன்றின்மேல் பழி போடுவதற்கு முன் யோசியுங்கள். இந்தியாவில் இப்போது ஆளுக்கு ஆள் பரவுகிற படைதான் பெரிய தலைவலி. 2020இல் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று தனிப்பெயர் வைத்த ஒரு வகை, டெர்பினஃபைன் மருந்துக்குப் பல நேரம் கட்டுப்படுவதில்லை. இரண்டுக்கும் வைத்தியக் காலமும் மருந்தும் மாறக்கூடும் என்பதால் டாக்டரிடம் இரண்டு தகவலையும் சொல்லுங்கள்: கன்றுக்கு இருக்கிறதா, வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது.

குழந்தையின் தலையிலோ ஆணின் தாடியிலோ கொழகொழவென்று வீங்கி, முடி பிடுங்கினால் கையோடு வந்து, சீழ் கசிந்தால் அது சாதாரணக் கட்டி அல்ல. அதைக் கீறி விடவே கூடாது. கீறினால் தழும்பாகி அந்த இடத்தில் முடி முளைக்காமல் போகலாம். கீறச் சொல்கிறவரிடம் "வீட்டில் கன்றுக்குப் படை இருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அன்றே தோல் டாக்டரிடம் போங்கள். இதற்கு மாத்திரை வேண்டும், பூச்சு மட்டும் போதாது.

3. மருந்துக்கடையில் ட்யூபை வாங்கிப் பூசும் முன் பின்பக்கம் படியுங்கள்

இந்த ஒரு படியைப் பற்றித்தான் எனக்கு மிகவும் கவலை. கடையில் "படைக்கு ஏதாவது க்ரீம் குடுங்க" என்று கேட்டால் பல இடங்களில் கைக்கு வருவது மூன்று நான்கு மருந்து கலந்த ட்யூப். அதற்குள் பூஞ்சை மருந்து இருக்கும், பாக்டீரியா மருந்து இருக்கும், கூடவே ஸ்டீராய்டும் இருக்கும். பூசிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும். ஆனால் ஸ்டீராய்டு அடக்குவது அரிப்பைத்தான். பூஞ்சை உள்ளே நிம்மதியாகப் பரவும். நிறுத்தினால் முன்னைவிடப் பெரிதாக வரும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, தொடையில் வரிவரியாக வெடிப்புக் கோடு விழும், அந்தக் கோடு மறையாது. வட்ட வடிவமே கலைந்துபோவதால் டாக்டருக்கும் அடையாளம் தெரிவது கஷ்டமாகிவிடும்.

ட்யூபின் பின்பக்கம் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று எந்தப் பெயர் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அப்படியிருந்தும் கேட்டால் எடுத்துக் கொடுக்கிற கடைகள் உண்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர் என்றால் பள்ளிக்குப் போகிற பிள்ளையிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.

டாக்டரைப் பார்க்க இரண்டு நாள் ஆகும், அதுவரை ஏதாவது பூச வேண்டும் என்றால் தேங்காய் எண்ணெய் போதும், அதனால் கெடுதல் இல்லை. எருக்கம்பால், மண்ணெண்ணெய், வண்டியில் வடித்த பழைய ஆயில் இவையெல்லாம் கன்றுக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். தோல் வெந்துபோய் அதன்மேல் சீழ் பிடித்தால் செலவு இரட்டிப்பாகும். சீமை அகத்தி இலை அரைத்துப் போடுவது பழைய வழக்கம், அதற்குப் பூஞ்சையை அடக்கும் குணம் உண்டு. ஆனாலும் பரிசோதனைக்குப் போகும்வரை அதையும் பூசாதீர்கள். காரணம் ஐந்தாம் படியில் வருகிறது.

4. எங்கே போவது, என்ன எடுத்துப்போவது

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சின்ன வட்டத்துக்கு மருந்து கிடைக்கும், இலவசம். பெரும்பாலும் க்ளோட்ரிமசோல் க்ரீமோ விட்ஃபீல்டு களிம்போ தருவார்கள். விட்ஃபீல்டு களிம்பு முகத்துக்கும் தொடையிடுக்குக்கும் ஆகாது, எரியும்.

ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருந்தாலோ, முகத்தில், தலையில், தாடியில் இருந்தாலோ, நான்கு வாரம் பூசியும் போகாவிட்டாலோ, ஏற்கெனவே ஸ்டீராய்டு கலந்த ட்யூப் பூசியிருந்தாலோ நேராக மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே பலகையில் "தோல் மற்றும் பால்வினை நோய்கள் பிரிவு" என்று இருக்கும். அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டுத் திரும்பிப் போகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே துறை என்பதால் அந்தப் பெயர், அவ்வளவுதான். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் படையும் சொறியும் தேமலும் உள்ளவர்கள் நிறையப் பேர்.

புறநோயாளி சீட்டு காலையில்தான். சீக்கிரம் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடிப்பது நல்லது. எடுத்துப்போக வேண்டியவை:

ஆதார் அட்டை. பழைய சீட்டு, இதுவரை சாப்பிட்ட மாத்திரைப் பட்டை, பூசிய ட்யூப் எல்லாம், காலியானது உட்பட. செல்போனில் கன்றின் படம். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, இதயம், வலிப்பு இவற்றுக்கு மாத்திரை சாப்பிட்டால் அந்த அட்டையும். படைக்கான சில மாத்திரைகள் இவற்றோடு ஒத்துப்போகாது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைத் தேடிக்கொண்டு நேரம் போக்க வேண்டாம். படுக்கையில் சேராத இந்த வைத்தியத்துக்கு அது உதவாது. அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், பஸ் செலவும் ஒரு நாள் கூலியும்தான் போகும். தனியார் தோல் டாக்டர் என்றால் பார்க்கச் சில நூறு, பரிசோதனைக்குச் சில நூறு. இட்ராகொனசோல் மாத்திரை எழுதினால் மாதம் ஆயிரத்தை நெருங்கலாம், பிராண்டைப் பொறுத்துத் தாண்டவும் செய்யும். மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லி மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலோ கேட்டுப் பாருங்கள், விலை நன்றாகக் குறையும்.

5. சுரண்டிப் பார்க்கும் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்

வட்டத்தின் ஓரத்தில், தடித்த இடத்தில், மழுங்கிய பிளேடால் லேசாகச் சுரண்டிச் செதிலை எடுப்பார்கள். வலிக்காது. அதைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழை தெரியும். முடிவு பெரும்பாலும் அன்றே கிடைக்கும். எந்தப் பூஞ்சை என்று துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் வளர்த்துப் பார்க்க வேண்டும், அதற்கு நான்கு வாரம்கூட ஆகும். மாட்டுப் பூஞ்சை மெதுவாக வளர்கிற ரகம். வழக்கமான வெப்பநிலையில் சரியாக வளராது, 37 டிகிரியில் நன்றாக வளரும். அதனால் "மாட்டிலிருந்து வந்திருக்கலாம்" என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள், ஆய்வகத்துக்கு அது பயன்படும்.

பூஞ்சை க்ரீம் பூசிய இடத்தில் சுரண்டினால் பூஞ்சை இருந்தும் இல்லை என்று வரலாம். நாட்டு மருந்து அரைத்துப் பூசியிருந்தாலும் அதே சந்தேகம்தான். பூசியிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சில நாள் நிறுத்திவிட்டு வரச் சொல்வார்கள்.

6. பூசுவதற்கும் விழுங்குவதற்கும் முறை உண்டு

க்ரீமை வட்டத்தின் நடுவில் மட்டும் தேய்த்தால் பயனில்லை. பூஞ்சை ஓரத்தில்தான் உயிரோடு வேலை செய்துகொண்டிருக்கும். வட்டத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் வரை, அதாவது ஒரு விரல் அகலத்துக்கு மேல், நல்ல தோலிலும் சேர்த்துப் பூசுங்கள். எத்தனை வேளை என்பதைச் சீட்டில் பாருங்கள், பெரும்பாலும் காலை மாலை இரண்டு வேளை. கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். அரிப்பு நின்றதும் ட்யூபைத் தூக்கி அலமாரியில் வைப்பதால்தான் பாதிப் பேருக்குத் திரும்ப வருகிறது.

மாத்திரையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். இட்ராகொனசோல் கேப்ஸ்யூலை வயிறு நிறையச் சாப்பிட்டதும் விழுங்க வேண்டும், வெறும் வயிற்றில் உடம்பில் சரியாகச் சேராது. அதோடு "கேஸ் மாத்திரை" போடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அமிலத்தைக் குறைக்கிற எந்த மாத்திரையும் இந்தக் கேப்ஸ்யூலின் பலனைக் குறைத்துவிடும். நெஞ்செரிச்சலுக்கு வாடிக்கையாக ஏதாவது சாப்பிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், நேரத்தை மாற்றித் தருவார் அல்லது மருந்தை மாற்றுவார். இதயம் பலவீனமானவர்களுக்கு இட்ராகொனசோல் ஆகாது. க்ரிசியோஃபுல்வின் எழுதினால் கொழுப்புள்ள சாப்பாட்டோடு சாப்பிடுங்கள், ஒரு டம்ளர் பாலும் ஆகும். கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பத்துக்குத் தயாராகிறவர்களுக்கும் அது கூடவே கூடாது. கல்லீரல் கோளாறு இருந்தாலோ தினமும் குடிப்பவராக இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ரத்தப் பரிசோதனை செய்துவிட்டுத்தான் தருவார்கள். கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே போய்க் காட்டுங்கள்.

இன்னொன்று. இடுப்பில் அரைஞாண் கயிறு, மணிக்கட்டில் கோவில் கயிறு கட்டியிருந்தால் வைத்தியம் முடியும்வரை கழற்றி வையுங்கள். ஈரத்தோடு தோலில் உரசிக்கொண்டே இருக்கிற நூலில் பூஞ்சை தங்கிவிடும், கழற்றாமல் எத்தனை ட்யூப் பூசினாலும் அந்தக் கோட்டிலேயே திரும்ப முளைக்கும். கயிற்றை ஒரேயடியாக விட மனமில்லாதவர்கள் பழையதைக் கழற்றி எரித்துவிட்டு, ஆறிய பிறகு புதிதாகக் கட்டிக்கொள்ளலாம்.

7. அதே வாரம் கன்றைக் காட்டுங்கள்

பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கன்றைக் கூட்டிப்போக முடியாவிட்டால் 1962 எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி அதன் மூலம் வருகிறது. காதுத்தோடு எண் கேட்பார்கள். "ஆளுக்கும் வந்திருக்கிறது" என்பதையும் சொல்லுங்கள், மனிதருக்குத் தொற்றியிருக்கிறது என்று தெரிந்தால் கூடுதல் கவனம் எடுப்பார்கள்.

கன்றுக்கு இது தானாகவே இரண்டு முதல் நான்கு மாதத்தில் ஆறிவிடும் என்பது உண்மைதான். "அதுவா போயிடும், விடுப்பா" என்று பெரியவர்கள் சொல்வதும் அதைப் பார்த்துத்தான். ஆனால் அந்த மாதங்கள் முழுக்க ஒவ்வொரு பொருக்கும் கொட்டகையில் உதிர்ந்துகொண்டே இருக்கும், கன்றைத் தொடுகிறவர்களுக்குத் தொற்றிக்கொண்டே இருக்கும். வைத்தியத்தின் நோக்கம் கன்றைக் காப்பாற்றுவதைவிட அந்த உதிர்வை நிறுத்துவது.

கையுறை போட்டுக்கொண்டு, பொருக்கை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மென்மையாக எடுங்கள். ரத்தம் வரச் சுரண்ட வேண்டாம். எடுத்ததைக் காகிதத்தில் பிடித்து எரித்துவிடுங்கள், குப்பைமேட்டில் போட வேண்டாம். பிறகு டாக்டர் தந்த பூச்சு. கன்றைத் தனியாகக் கட்டி, பகலில் வெயில் படும்படி விடுங்கள். நெரிசலும் இருட்டும் சத்துக் குறைவும் இந்த நோய்க்குத் தோது, பசுந்தீவனமும் குடற்புழு நீக்கமும் சேர்ந்தால் சீக்கிரம் ஆறும்.

பாலைக் குடிக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். குடிக்கலாம், பால் வழியாக இது வராது. கறக்கவும் செய்யலாம். மடியிலோ காம்பிலோ படை இருந்தால் மட்டும் கால்நடை மருத்துவரைக் கேட்டுவிட்டு, அந்த மாட்டைக் கடைசியாகக் கையுறையோடு கறங்கள்.

8. கொட்டகையும் கயிறும் துணியும்

பூஞ்சையின் விதை காய்ந்த மரத்தில், தும்பில், பிரஷ்ஷில் மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கிலும் உயிரோடு இருக்கும். கன்றின் கழுத்துக் கயிற்றையும் தேய்க்கிற பிரஷ்ஷையும் எரித்துவிட்டுப் புதிது வாங்குங்கள், இருநூறு முந்நூறு ரூபாயில் முடிகிற வேலை. மரக்கம்பம், தீனித்தொட்டி, கதவு, தரை எல்லாவற்றையும் முதலில் சாணம் போகச் சோப்புத்தூளால் தேய்த்துக் கழுவ வேண்டும். சாணம் இருக்கிற இடத்தில் பிளீச்சிங் பவுடர் பலிக்காது, அதனால் இந்த வரிசை மாறக் கூடாது. கழுவியபின் லிட்டருக்கு 30 கிராம் பவுடர் கலந்து தெளித்து, பத்து நிமிடமாவது ஈரமாக வைத்திருந்து அலசுங்கள். மாடுகளை வெளியே கட்டிவிட்டுச் செய்யுங்கள், ஆசிட் எதையும் அதோடு கலக்காதீர்கள். நன்றாக உலர்ந்தபின் சுவருக்கும் கம்பத்துக்கும் சுண்ணாம்பு அடித்துவிடலாம்.

கொட்டகைக்கென்று முழுக்கைச் சட்டை ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து, உள்பக்கம் வெளியே வரத் திருப்பி வெயிலில் போடுங்கள். துண்டு, சோப்பு, சீப்பு ஆளுக்குத் தனி. மழைக்காலத்தில் உலராத உள்ளாடையை அப்படியே போடாமல் இஸ்திரி போட்டுவிட்டுப் போடுங்கள்.

9. கூலிக்கு ஆள் வைத்திருப்பவர்களுக்கு

ஈரோடு, நாமக்கல், கோவைப் பக்கப் பண்ணைகளில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்து தங்கி வேலை செய்கிற தம்பிகள் நிறையப் பேர். ஒரே அறையில் நான்கைந்து பேர் ஒரே பாயில் படுக்கிறார்கள். ஒருவருக்கு வந்தால் எல்லோரையும் பார்க்க வேண்டும், எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் வேண்டும். சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து கடை ட்யூபைப் பூசிக்கொண்டு மறைப்பார்கள். பண்ணைக் கன்றிலிருந்து வந்த நோய்க்கான செலவையும் மருத்துவமனைக்குப் போகிற நாளின் கூலியையும் பண்ணைக்காரர் கொடுப்பதுதான் நியாயம் என்பது என் உறுதியான கருத்து. கூட ஒருவர் போய் மொழிபெயர்த்தால் பாதி வேலை முடிந்தது. வேலையை நிறுத்த வேண்டியதில்லை, படையை மூடிக் கையுறையோடு வேலை செய்யலாம். ஆறும்வரை கன்று பிடிக்கிற வேலையை மட்டும் வேறொருவருக்கு மாற்றிக் கொடுங்கள்.

கறக்கிற கையுறையை ஒருவர் கழற்றி இன்னொருவர் போடக் கூடாது. பெட்டியாக வாங்கினால் ஜோடிக்குச் சில ரூபாய்தான் ஆகும்.

10. சந்தையிலிருந்து கன்று வாங்கும்போது

ஈரோடு கருங்கல்பாளையம், பொள்ளாச்சி, மணப்பாறை என்று எந்தச் சந்தையாக இருந்தாலும் பல ஊர்க் கன்றுகள் ஒன்றோடொன்று உரசி நிற்கிற இடம். பேரம் பேசும் முன் கண்ணைச் சுற்றியும் காதுக்குப் பின்னாலும் விரலால் தடவிப் பாருங்கள். முடிக்கு அடியில் சொரசொரப்பாகத் தட்டினால் வேறு கன்று பாருங்கள். நோய் வெளியே தெரிய நான்கு வாரம்கூட ஆகலாம் என்பதால், வாங்கி வந்ததைப் பழைய மாடுகளோடு சேர்க்காமல் நான்கு வாரம் தனியாகக் கட்டுங்கள். அதற்கென்று தனிக் கயிறு, தனி வாளி. வாரம் ஒருமுறை அதே இடங்களைத் தடவிப் பாருங்கள், பார்த்தபின் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆட்டுக்குட்டி, முயல், பூனைக்குட்டி வாங்கினாலும் இதே மாதிரிதான். குறிப்பாகப் பூனைக்குட்டியை முதல் நாளே குழந்தைகள் மடியில் தூக்கி வைக்க விடாதீர்கள்.